வாசகர் கேள்வி – பதில்: பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

சென்ற இதழில் இந்தப் பகுதியின் தலைப்பில், நான் கட்டிய 1/48 அளவு ஹயபூசா போர்விமான மாடலின் படம் வெளியாகியிருந்தது. இறக்கையின் பச்சைப் பூச்சு பாதிக்கு மேல் உரிந்து, உள்ளிருக்கும் வெள்ளித் தகடு தெரியும்படி அதற்கு வெதரிங் செய்திருந்தேன். அதாவது வெயில், மழை, புழுதி, எண்ணெய், ஆட்களின் காலடி எல்லாம் பட்ட விமானமாக அதைப் பழசாக்கியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி ‘எப்படிச் செய்தீர்கள்?’ என்கின்றன, மீதி ‘இவ்வளவு மோசமாகவா ஒரு விமானம் பறந்திருக்கும்?’ என்கின்றன. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதற்குள்ளேயே இருப்பதால், இந்த மாதம் வேறு கடிதங்களைத் தொடவில்லை.

கேள்வி (பெகு வாசகர்): ஐயா, உங்கள் ஹயபூசா சொறி பிடித்த நாய் மாதிரி இருக்கிறது. என்னிடமுள்ள கிட்டின் பெட்டிப் படத்தில் விமானம் ஒரே பச்சையாக, வழவழவென்று இருக்கிறது. நீங்கள் மிகைப்படுத்தவில்லையா?

பதில்: உவமையை ரசித்தேன், மிகை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜப்பானிய ராணுவத்தின் விமானப் பிரிவுக்காக நகாஜிமா நிறுவனம் உருவாக்கிய கி-43 ஹயபூசா, 1939 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. 1941 டிசம்பரிலிருந்து போர் முடியும்வரை நம் பர்மா வானத்தில் அதிகம் தென்பட்ட ஜப்பானியப் போர்விமானமும் அதுதான். வாலில் அம்புக்குறி தீட்டிய 64-ஆவது சென்டாய் (விமானப் படைப்பிரிவு) இந்த விமானத்தில்தான் பறந்தது. அதன் தளபதி காட்டோ ததேஓ, 1942 மே 22 அன்று அக்யாப் பக்கம் ஒரு பிளெனிம் குண்டுவீச்சு விமானத்தைத் துரத்துகையில் சுடப்பட்டு, வங்கக் கடலில் விழுந்து இறந்தார்.

இந்த விமானங்களில் பல, தொழிற்சாலையை விட்டு வெறும் அலுமினியத் தகடாகவே வெளியே வந்தன. பச்சை நிறம் பின்னால், களத்துக்கு அருகிலுள்ள பணிமனைகளில், ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமலேயே அடிக்கப்பட்டது. அலுமினியத்தின் மேற்பரப்பு வழுக்கலானது. காற்றுப் பட்டதுமே அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். அதன்மேல் நேராக அடித்த பெயின்ட், எண்ணெய் தடவிய கல்லில் தோசை உட்காருவது போல உட்காருமே தவிரப் பற்றிக்கொள்ளாது. பகல் வெயிலில் தகடு விரிந்து இரவில் சுருங்க, விளிம்பில் விழுந்த கீறலுக்குள் மழைநீர் புக, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துக் காற்று அந்த விளிம்பைப் பிடித்துக் கிழிக்க, பூச்சு புள்ளி புள்ளியாக அல்ல, ஏடு ஏடாகப் போகும். எனவே உரிவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: இறக்கையின் முன்விளிம்பு, தகடுகள் சேரும் கோடுகள், ஆணி வரிசைகள், விமானியும் பழுதுபார்ப்பவர்களும் ஏறி இறங்கும் இறக்கையடி ஆகிய இடங்களில் தொடங்கிப் பின்பக்கமாகப் பரவும்.

அதே விமானத்தில் ஒரு துளிகூட வெள்ளி தெரியக் கூடாத இடங்களும் இருக்கின்றன. இறக்கையின் எய்லரான், வாலின் ரடர், எலிவேட்டர் ஆகிய அசையும் பகுதிகள் துணி போர்த்தியவை. அங்கே பூச்சு நைந்து வெளுக்குமே ஒழிய, தகடு எங்கிருந்து வரும்? என் மாடலில் உங்களுக்குப் பிடிக்காத பகுதி எதுவாக இருந்தாலும், வாலின் பின்பகுதியை மட்டும் மறுபடி பாருங்கள். அது முழுப் பச்சையாகவே இருக்கும்.

கேள்வி (மோல்மேன் வாசகர்): பூச்சு உரிந்தது போலச் செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். என்னிடம் காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ் இல்லை. இருந்தாலும் இங்கே மின்சாரம் இருக்கும் நேரத்தை நம்பிக் கம்ப்ரஸர் ஓட்ட முடியாது.

பதில்: ஏர்பிரஷ் உள்ளவர்களுக்கான வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கான வழியும் அதே தத்துவம்தான். ஒட்டி முடித்து, இணைப்புகளைத் தேய்த்துச் சமப்படுத்திய மாடலுக்கு லாக்கர் வகை வெள்ளியை அடித்து ஒருநாள் முழுதும் காயவிடுகிறோம். அதன்மேல், அழகு நிலையப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சாதாரண ஹேர் ஸ்பிரேயை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து, அரைமணி நேரம் கழித்து, தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் பச்சையை அடிக்கிறோம். பச்சை தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், மயிர் குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் தோய்த்து, உரிய வேண்டிய இடத்தை நனைத்து ஒரு நிமிடம் காத்திருந்து மெல்லத் தேய்க்கிறோம். ஹேர் ஸ்பிரே தண்ணீரில் கரையும், வெள்ளி லாக்கர் கரையாது. நடுவில் அகப்பட்ட பச்சை, அடிமண் அரிக்கப்பட்ட ஆற்றங்கரை சரிவது போலத் தானாகச் சரியும். பல்குத்தும் குச்சியின் முனையால் விளிம்பை நெம்பினால் இன்னும் கூர்மையான ஏடுகள் பெயரும்.

இந்த வேலையைப் பச்சை அடித்த அன்றே முடிக்க வேண்டும். ஒருமுறை நான் பச்சையடித்து முடித்த கணத்தில் மின்சாரம் போயிற்று. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் அக்ரிலிக் இறுகிப்போயிருந்தது. கோபத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததில் இடது இறக்கையில் வெள்ளியும் சேர்ந்து போய், ஜப்பானிய அலுமினியத்துக்கு அடியில் சாம்பல்நிறப் பிளாஸ்டிக் தெரிந்தது. அந்த இறக்கையை முதலிலிருந்து செய்தேன்.

உங்கள் ஊரில் இதைவிட நல்ல பொருள் மரத்திலேயே கிடைக்கிறது. மாடல் கடைகளில் சிறு புட்டியில் விற்கும் மறைப்புத் திரவம், அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். மோன் மாநிலத்துத் தோட்டங்களைச் சுற்றி இருப்பவருக்கு அதை விலைகொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டி பிடிக்காமலிருக்க அம்மோனியா சேர்த்து வைத்த பாலில் சிறிது வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரே டின் வெள்ளி நன்றாகக் காய்ந்த பின், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து, பாலில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, பிறகு மாடலில் ஒற்றுங்கள். பிய்த்த விளிம்பு முக்கியம். கத்தரியால் வெட்டிய ஸ்பாஞ்ச் சதுரச் சதுரமாகத்தான் பதியும். பால் காய்ந்ததும் ஸ்பிரே டின் பச்சையை அடித்து, மறுநாள் விரலால் உருட்டினால் ரப்பர் சுருண்டு வரும், கூடவே அதன்மேல் ஏறிய பச்சையும் வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஸ்பிரே டின்னில் வருவது பெரும்பாலும் லாக்கர், ஆகவே அதற்கடியில் ஹேர் ஸ்பிரே அடித்துப் பயனில்லை, தண்ணீர் அதை ஊடுருவாது.

கேள்வி (மேலே உள்ளவரின் மகன், ஒன்பதாம் வகுப்பு): உரிந்த புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: தம்பி, பெருக்கிப் பார். 1/72 அளவு மாடலில் 1 மில்லிமீட்டர் புள்ளி, உண்மை விமானத்தில் 7.2 செண்டிமீட்டர், ஏறக்குறைய உன் உள்ளங்கையின் அகலம். திருகாணியைச் சுற்றிப் பெயர்ந்த பூச்சு அவ்வளவு பெரிதாக இருக்காதல்லவா? அதனால் சிறிய கீறல்களைக் கூராகச் சீவிய வெள்ளிநிறப் பென்சிலால் இட்டுக்கொள், பிரஷ்ஷை எடுக்காதே.

கேள்வி (யாங்கோன், கமாயூட் வாசகி): ஜூலை மாதம் என் மகனுக்காக ஸ்பிரே டின்னால் அடித்த கரும்பச்சை, காய்ந்ததும் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. பெயின்ட் போலியா?

பதில்: பெயின்ட்டின் மேல் குற்றமில்லை அம்மா, மாதத்தின் மேல்தான். லாக்கரிலுள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த அந்த ஈரப்பூச்சின்மேல், நம் மழைக்காலக் காற்றிலுள்ள நீராவி, ஐஸ்காப்பித் தம்ளருக்கு வெளியே முத்து கட்டுவது போலப் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மிக மெல்லியதாக ஒரு கோட் அடித்தால், பூச்சு மீண்டும் இளகி, சிக்கிய நீர் வெளியேறிப் பச்சை திரும்பிவிடும். இனி மழை ஓய்ந்த நண்பகலில், ஒவ்வொரு பூச்சையும் மெல்லியதாக அடியுங்கள். அடித்த மாடலைக் குண்டு பல்பு எரியும் அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள், ஆனால் பல்பு மாடலிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

கேள்வி (தவுங்கூ வாசகர்): எங்கள் ஊரில் பயிற்சி பெற்ற ‘பறக்கும் புலிகள்’ படையின் பி-40 விமானத்தை, மூக்கில் தீட்டிய சுறா வாயுடன், யாங்கோனின் மிங்கலாடான் விமானத்தளத்தில் சேற்றில் நிற்பதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சேற்றுக்கு என்ன நிறம்?

பதில்: நிறத்தைக் கேட்பதற்கு முன் தேதியைக் கேட்டிருக்கலாம். செனால்ட் தலைமையிலான அந்த அமெரிக்கத் தன்னார்வப் படை, ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மேல் நடந்த 1941 டிசம்பர் 23, 25 குண்டுவீச்சுகளை எதிர்த்துப் போரிட்டது; பிரிட்டிஷாரின் 67-ஆவது ஸ்குவாட்ரன் என்னும் விமானப் படைப்பிரிவும் பஃபலோ விமானங்களுடன் கூட நின்றது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. அதற்கு முன்பே அந்தப் படை மிங்கலாடானை விட்டுப் போய்விட்டது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நம் ஊரில் சேறு எங்கே இருக்கிறது? அது அறுவடை முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் காலம். உங்கள் விமானத்துக்குப் புழுதிதான் பொருந்தும். சேறு வேண்டும் என்று மனம் கேட்டால், உங்கள் ஊரில் 1941 மழைக்காலத்தில் பயிற்சி நடந்த நாள்களைக் கட்டலாம். ஆனால் சுறா வாய் தீட்டப்பட்டது அந்த ஆண்டின் கடைசி மாதங்களில்தான், அதனால் வாயை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். (அந்த வாயும் இவர்களுடைய சொந்தக் கற்பனை அல்ல, வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷாரின் 112-ஆவது ஸ்குவாட்ரன் தீட்டியிருந்ததைப் படத்தில் பார்த்துப் போட்டுக்கொண்டது.)

புழுதி எங்கே படியும் என்பதையும் விமானமே சொல்லும். வால்சக்கரத்தில் நிற்கும் விமானம் நகரும்போது, புரொப்பெல்லர் கிளப்பும் மண்ணும் பொடிக்கல்லும் பின்பக்கம் அடிக்கும். இறக்கையின் அடிப்பகுதி, இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் ஃபிளாப், சக்கரக் குழி ஆகியவை சிவந்துபோகும், பின்வாலின் கிடை இறக்கையின் முன்விளிம்பு அரம் போட்டது போலத் தேயும். இறக்கையின் மேற்பரப்பிலோ, ஆட்களின் காலடி பட்ட இடதுபக்க இறக்கையடி தவிர, புழுதி மெல்லியதாகவே இருக்கும். மேலெழும்பியதும் காற்று அதைத் துடைத்துவிடும்.

கேள்வி (யாங்கோன், திங்கன்ஜுன் வாசகர்): புழுதிக்கு மிங்கலாடானிலிருந்தே செம்மண் எடுத்துவந்து தூவலாமா? இல்லையென்றால் மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் தனக்காவைக் கரைத்துப் பூசலாமா என்று என் மனைவி கேட்கிறார்.

பதில்: மண்ணைப் பற்றி எல்லோருக்கும் இந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. கண்ணுக்கு மாவாகத் தெரியும் மண்ணில்கூட 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் இருக்கும். 1/72 அளவில் அது 7 மில்லிமீட்டர் சரளைக்கல். உங்கள் விமானத்தின்மேல் யாரோ ஜல்லி கொட்டியது போல இருக்கும். எடுத்த மண்ணை ஒரு தம்ளர் தண்ணீரில் கலக்கி, பத்து எண்ணும்வரை விட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு தம்ளருக்கு மாற்றி ஒருநாள் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் வண்டலை வெறும் வாணலியில் வறுத்துக்கொண்டால் பூஞ்சையும் வராது. அதில் வெள்ளைச் சாக்பீஸ் பொடியைச் சரிபாதி கலக்க வேண்டும், ஏனென்றால் அசல் மண்ணின் சிவப்பு அந்தச் சிறிய உருவத்தின்மேல் ரத்தக் கறையாகத் தெரியும்.

தனக்கா தாவரப் பொருள். மழைக்காலத்தில் அதன்மேல் பூஞ்சை பூக்கும், ஆகவே பூச வேண்டாம். ஆனால் உங்கள் மனைவியின் கண் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. காலையில் கன்னத்தில் பூசிய தனக்கா மத்தியானத்துக்குள் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்: நடுவில் தடித்து வெடித்திருக்கும், ஓரத்தில் தோல் தெரிய மெலிந்திருக்கும், வியர்வை ஓடிய பாதையில் அறவே இருக்காது. காய்ந்த புழுதி விமானத்தில் கிடப்பதும் அப்படித்தான். வண்டலை டர்ப்பன்டைனில் கரைத்துத் தடவி, காய்ந்ததும் காற்றோட்டத்தின் திசையில் வெறும் பிரஷ்ஷால் இழுத்துவிட்டால் அந்த ஓரம் கிடைக்கும்.

கேள்வி (பெகு, இன்னொரு வாசகர்): பிரிட்டிஷ் போர்விமானமான ஹரிக்கேனின் மாடலுக்கும் இதேபோல் உடல் முழுக்க வெள்ளி தெரிய உரிக்கலாமா?

பதில்: செய்யாதீர்கள், செய்து அவமானப்பட்டவன் சொல்கிறேன். ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்கு முன் நான் கட்டிய முதல் ஹரிக்கேனின் பின்உடல் முழுதும் வெள்ளிப் புள்ளிகளை வாரி இறைத்து, எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். போர்க்காலத்தில் விமானத்தளத்தில் பெட்ரோல் பீப்பாய் உருட்டிய கூலி அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ‘துணிக்கு அடியில தகரம் எப்படி வந்துச்சு தம்பி?’ என்று மட்டும் கேட்டுவிட்டு மாடலைத் திருப்பிக் கொடுத்தார்.

ஹரிக்கேனில் விமானியின் இருக்கைக்குப் பின்னால் உள்ள உடல், உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச்சலாகை வைத்து, அதன்மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி, டோப் என்னும் பூச்சால் விறைப்பாக்கியது. எஞ்சின் மூடியும், பிற்கால வகைகளின் இறக்கையும்தான் உலோகம். உரிப்பதை அங்கே, அதுவும் சிக்கனமாக, வைத்துக்கொள்ளுங்கள். துணிப் பகுதிக்கு வேறு வகை முதுமை உண்டு. சலாகைகளின் முகட்டில் நிறம் சற்று வெளுத்து, பள்ளத்தில் சற்று அடர்ந்திருக்கும். கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்ட சதுரத் துண்டு மட்டும் புதிய நிறமாக இருக்கும். மாஸ்கிங் டேப்பில் 2 மில்லிமீட்டர் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, அதன் வழியே சற்று அடர்ந்த பச்சையைத் தொட்டுவிட்டால் அந்த ஒட்டு வந்துவிடும். ஒரு விமானத்துக்கு இரண்டு போதும்.

இன்னொன்று: போரின் பிற்பகுதியில் இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில், ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று யாரும் தவறாகச் சுட்டுவிடக் கூடாதென்று, வட்டச் சின்னத்தின் நடுச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கிட்டில் வரும் ஐரோப்பியக் களத்து டீக்காலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படத்தை) பர்மா விமானத்தில் ஒட்டிவிட்டு, அதன்மேல் எவ்வளவு நன்றாக வெதரிங் செய்தாலும் உதவாது.

கேள்வி (மண்டலே வாசகர்): புகைக்குழாயிலிருந்து பின்னோக்கிக் கறுப்பாகக் கோடு இழுத்தால் போதுமா?

பதில்: குழாயின் வாயருகில் கறுப்பு சரி. அக்காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; அதனால் கறை பின்னால் போகப்போகச் சாம்பலாகவும், மங்கிய பழுப்பாகவும் வெளுக்கும். ஹயபூசா, தண்டர்போல்ட் போன்ற வட்ட எஞ்சின் விமானங்களுக்கு எஞ்சின் மூடியின் பின்விளிம்பிலிருந்து எண்ணெய்க் கசிவையும் சேருங்கள்: ஆயில் பெயின்ட்டின் கரும்பழுப்பில் ஒரு புள்ளி வைத்து, டர்ப்பன்டைன் ஈரம் மட்டுமுள்ள பிரஷ்ஷால் பின்னுக்கு இழுத்தால் போதும்.

கேள்வி (யாங்கோன், சான்சௌங் வாசகர்): மிங்கலாடானில் புதைத்து வைத்ததாகச் சொல்லப்பட்ட ஸ்பிட்ஃபயர் என்னும் பிரிட்டிஷ் போர்விமானத்தை, தோண்டி எடுத்த நிலையில், துருப்பிடித்த இறக்கையுடன் கட்ட நினைக்கிறேன். துருவுக்கு எந்த நிறம்?

பதில்: இறக்கைக்கு எந்தத் துருவும் வேண்டாம். ஸ்பிட்ஃபயரின் இறக்கைத் தகடு அலுமினியக் கலவை. அது துருப்பிடிக்காது, சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளைப் பொடியாக அரிக்கும். செம்பழுப்புத் துருவைப் புகைக்குழாய், துப்பாக்கிக் குழல், எஃகுத் திருகாணிகள் ஆகியவற்றுக்கு மட்டும் வையுங்கள். தோண்டிய கதையைப் பொறுத்தவரை, 2013 ஜனவரியில் விமான நிலையப் பகுதியில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு விமானம் ஒன்றும் அகப்படவில்லை. நடந்ததை நடந்தபடி கட்டுவதானால் ஒரு வெறுங்குழி போதும். கிட் உங்களுக்கு மிச்சம்.

கேள்வி (தட்டோன் வாசகர்): பத்து வருடமாகப் பெட்டியிலிருந்த டீக்கால் மஞ்சளாகிவிட்டது. எறிந்துவிடலாமா?

பதில்: எறிய வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்கும்படி டேப்பால் ஒட்டிவையுங்கள். சில வாரங்களில் மஞ்சள் பெரும்பாலும் வெளுத்துவிடும். தண்ணீரில் போடுமுன் கிளியர் வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள், பழைய டீக்கால் தண்ணீரில் துண்டு துண்டாகச் சிதறும். ஜப்பானிய விமானமாக இருந்தால் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு டீக்காலே தேவையில்லை. காம்பஸில் பிளேடு பொருத்தி மாஸ்கிங் டேப்பில் வட்டம் வெட்டி, பெயின்ட்டாகவே அடித்துவிடலாம்.